ஒவ்வாத உணவும் மாற்று உணவும்

நுழையும்முன்

ஊர் மாறும்போது மொழி மாறும். மொழி மாறும்போது உணவின் பெயரும் மாறும். நாவுக்கு இனிய உணவு எல்லார் உடலுக்கும் இனியதாக இருப்பதில்லை. ஒருவர்க்கு ஒவ்வாத உணவு எது, அதற்கு ஈடாக எதனை உண்ணலாம், வேற்றூரில் அதனை எப்படிக் கேட்டறிவது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

சென்னையிலிருந்து பெங்களூருவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையில் அமைந்துள்ள ஊர் பங்காருபாளையம். 'பங்காரு' என்னும் தெலுங்குச் சொல் பொன்னைக் குறிக்கும். கோடையின் முடிவில் இவ்வூர்ச் சந்தையில் கிளிமூக்கு மாம்பழம் மலைபோல் குவியும். தெலுங்கர் அதனைத் 'தோதாபுரி' என்பர். 1911ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் வரை சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலால் இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒன்றோடொன்று கலந்து வழங்குவதில் வியப்பில்லை. ஆயினும் அக்கலப்பிலும் சில சொற்கள் ஏமாற்றிவிடும்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். திருவண்ணாமலையிலிருந்து பணிமாற்றம் பெற்று வந்த குடும்பம் ஒன்று, வந்த மறுநாள் காலை நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் அமர்ந்திருக்கிறது. இலையில் இட்லி வருகிறது. பக்கத்தில் வெளிர்பழுப்பு நிறத்தில் துவையல் போன்ற ஒன்றும் வருகிறது.

"இது என்ன சட்னி, அண்ணா?" என்று தாய் கேட்கிறார்.

"பல்லி சட்னி, அம்மா" என்கிறார் பரிமாறுபவர்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். "அம்மா, பல்லியை அரைத்துச் சட்னியா!" என்கிறாள். சிரித்துக்கொண்டே இட்லியை அதில் தோய்க்கிறாள். அப்போது ஓராண்டுக்கு முன்பே இங்கு வந்து தனியே தங்கியிருந்த தந்தை அவள் கையைச் சட்டெனப் பற்றுகிறார். "வேண்டாம், கண்ணு! பல்லி என்றால் இங்கே மல்லாட்டை" என்கிறார். தாயின் முகம் வெளிறுகிறது. மகளுக்கு நான்கு வயதில் ஒரே ஒரு மல்லாட்டை உருண்டையால் உதடு தடித்து மூச்சுத் திணறியதை அவர் மறக்கவில்லை.

வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை என்பன ஒரே பயிரின் பெயர்கள். தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பயிர், பிலிப்பைன்சின் மணிலா நகர் வழியாக வந்ததனால் 'மணிலாக்கொட்டை' எனப்பட்டது. அதுவே ஆர்க்காட்டுப் பகுதி மக்களின் பேச்சில் 'மல்லாட்டை' ஆயிற்று. தெலுங்கில் அதற்கு 'வேருசெனகலு' என்றும் 'பல்லீலு' என்றும் பெயர். சுவரில் ஊரும் பல்லியையும் தெலுங்கர் ஏறத்தாழ அவ்வாறே அழைப்பர். ஆனால் அதன் முதல் எழுத்து அதிர்ந்து ஒலிக்கும். தமிழ் நெடுங்கணக்கில் இவ்விரண்டு ஒலிக்கும் 'ப' என்னும் ஓரெழுத்தே உண்டு. எனவே எழுத்தில் எழுதினால் வேறுபாடு மறைந்துவிடும். அச்சிறுமியின் சிரிப்பில் மொழிப்பிழை எதுவும் இல்லை. ஆனால் அவள் உடலுக்கு அச்சிரிப்பு ஒரு விளிம்பு.

ஒவ்வாமையும் ஏலாமையும்

நம் உடல் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை இயல்பாகவே பெற்றுள்ளது. சிலர் உடலில் அவ்வாற்றல், தீங்கற்ற ஓர் உணவுப் புரதத்தைப் பகையெனத் தவறாகக் கருதி அதன்மீது பாய்கிறது. இதுவே ஒவ்வாமை. இதனைக் குறிக்கும் 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டில் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கினார். ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருளைக் கண்டறிந்து 1966இல் வெளியிட்டவர்கள் இஷிசாகா என்னும் சப்பானிய அறிவியலாளர் இணையர். அவ்வெதிர்ப்பொருள் இன்று 'ஐஜிஇ' எனப்படுகிறது.

ஒவ்வாமை உள்ளவர்க்கு உணவின் அளவு ஒரு பொருட்டன்று. கரண்டியின் நுனியில் ஒட்டியிருக்கும் சிறு துளியே போதும். சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்திற்குள்ளோ தோல் தடிக்கும், உதடும் நாவும் வீங்கும், வாந்தி வரும். கடுமையான நிலையில் மூச்சிழுப்பும் மயக்கமும் உண்டாகும். அப்போது தாமதம் கூடாது. அந்நிலைக்கு உரிய மருந்து அட்ரினலின் ஊசி. அதனைத் தொடைத் தசையில் செலுத்துவர். 108 ஊர்தி வரும்வரை நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்க விடலாகாது. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதே பெரும்பிழை.

ஏலாமை என்பது வேறு. அங்கே பகையும் இல்லை, போரும் இல்லை. ஓர் உணவுப்பொருளைச் செரிக்கத் தேவையான ஒன்று உடலில் குறைவாக இருக்கிறது, அவ்வளவே. வயிறு உப்பும், இரையும், பேதியாகும். துன்பம் உண்டு. ஆனால் உயிருக்கு இடர் இல்லை. சிறிதளவு உண்டால் பலர்க்கு ஒன்றும் நேராது. இவ்விரண்டையும் பொதுவழக்கில் 'ஆகாது', 'சேராது' என்று ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம் நேர்கிறது. 'எனக்குப் பால் ஆகாது' என்னும் இருவரில் ஒருவர்க்கு மோர் மருந்து, மற்றொருவர்க்கு அதே மோர் நஞ்சு.

பாலும் மோரும்

பாலில் 'லாக்டோசு' என்னும் சர்க்கரை உள்ளது. அதனைச் செரிக்கும் நொதி சிறுகுடலில் சுரக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது நிறையவே சுரக்கும். வளர வளரப் பலர்க்குக் குறைந்துவிடும். செரிக்கப்படாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து அங்கு நுண்ணுயிரிகளால் புளித்துக் காற்றை உண்டாக்குகிறது. வயிற்றின் இரைச்சலுக்கு அதுவே காரணம். 1981இல் வெளிவந்த தில்லி மருத்துவர்களின் ஆய்வு ஒன்றில், சோதிக்கப்பட்ட தென்னிந்தியருள் மூவரில் இருவர்க்கு இக்குறை காணப்பட்டது. வடவருள் நால்வரில் ஒருவர்க்குச் சற்று மேற்பட்டோர்க்கே இருந்தது. ஆகவே இது நோய் என்பதைவிட மரபின் ஓர் இயல்பு என்பதே பொருத்தம்.

தமிழர் உணவு மோர்ச்சோற்றில் முடிவதை இங்கு நினைவுகூரலாம். பால் தயிராகும்போது அதன் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிரிகள் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. எஞ்சியதைச் செரிக்கவும் அவை துணைபுரிகின்றன. எனவே பால் குடித்தால் வயிறு உப்பும் ஒருவர் தயிரும் மோரும் நலமாக உண்ணக்கூடும்.

பால்புரதத்திற்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இவ்வழி உதவாது. தயிரிலும் அப்புரதம் இருக்கிறது. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்றாகா. அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதத்தை ஒத்தவை. சித்தூர் மாவட்டத்துப் புங்கனூர்ப் பசு உலகின் மிகக் குள்ளமான மாட்டினங்களுள் ஒன்று. அதன் பால் தனிச்சிறப்புடையது என்று பெருமையாகச் சொல்வோர் உளர். பசு சிறிதாயினும் பால் பாலே. ஒவ்வாமை உள்ளவர்க்கு அதுவும் ஆகாது. தேங்காய்ப்பாலுக்கு வெண்மை உண்டு, சுவை உண்டு; பாயசத்திற்கு மிக நன்று. ஆனால் அதில் சுண்ணச்சத்தும் புரதமும் பாலில் உள்ள அளவுக்கு இல்லை. மாற்று உணவு என்பது நிறத்தையும் சுவையையும் மட்டும் ஈடு செய்வதன்று. விலக்கிய உணவு தந்துவந்த சத்து எங்கிருந்து வரும் என்பதே முதல் வினா.

அவ்வினாவிற்கு இவ்வூரின் விடை 'ராகி சங்கடி'. தமிழில் அது கேழ்வரகுக் களி. அரிசியைக் குழைய வேகவைத்து, அதில் கேழ்வரகு மாவைத் தூவி, மரக்கோலால் கட்டியின்றிக் கிண்டி, ஈரக்கையால் உருட்டுவர். 1918இல் இராபர்ட் மெக்காரிசன் நீலகிரியின் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணச்சத்து உள்ளது. நூறு கிராம் பசும்பாலில் உள்ளது 118 மில்லிகிராம். ஐம்பது கிராம் மாவில் கிண்டிய ஒரு களி உருண்டை, ஒரு சிறு குவளைப் பாலுக்கு ஈடான சுண்ணச்சத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. ஆனால் அதிலுள்ள சில பொருள்கள் சுண்ணச்சத்து உடலில் சேர்வதைச் சற்றே தடுக்கும். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்தால் அத்தடை குறையும். பாலில் கிடைக்கும் புரதத்தைப் பருப்பிலிருந்தோ முட்டையிலிருந்தோ பெறலாம். முருங்கைக்கீரையும் முள்ளோடு மென்று உண்ணும் சிறுமீனும் சுண்ணச்சத்துக்குத் துணை நிற்கும்.

கோதுமை விலக்கு

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் 'குளூட்டன்' என்னும் புரதம் உள்ளது. 'சீலியாக்' நோய் உடையவர்களின் சிறுகுடல் உட்பரப்பை இது சிதைத்துவிடும். அவர்கள் எவ்வளவு உண்டாலும் சத்து சேராது. குழந்தையாயின் வளர்ச்சி தடைப்படும், குருதிச்சோகை வரும்.

இந்நோய்க்குக் காரணம் கோதுமையே என்று நிறுவியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் துலிப் மலர்ச்செடியின் கிழங்கைக்கூட உண்டனர். நாடே மெலிந்த அக்காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் வந்தபோது அவர்கள் மீண்டும் நோயுற்றனர். பஞ்சத்திற்கு முன்பே டிக்கேக்கு இவ்வையம் இருந்தது. பஞ்சம் அதனை உறுதிப்படுத்தியது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டை அளித்தார். இன்றுவரை இந்நோய்க்கு முதன்மையான மருத்துவம் உணவு மாற்றமே.

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் நூறு பேரில் ஒருவர்க்குச் சற்று மேற்பட்டோர்க்கு இந்நோய் உள்ளது. தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவர்க்கே உள்ளது. தென்னாட்டார் கோதுமையைக் குறைவாக உண்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. சோறும் களியும் உண்ட குடும்பங்கள் பணியின் பொருட்டு வடக்கே சென்று சப்பாத்திக்கு மாறும்போது இச்செய்தியை மனத்தில் கொள்வது நன்று. ஆயினும் வயிறு வலித்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தியபின் குருதியைச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லாததுபோல் தோன்றக்கூடும். சோதனை முதலில், விலக்கு பிறகு.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை ஆகியவற்றில் இப்புரதம் இல்லை. ஆகவே தென்னாட்டுச் சமையலறையில் இவ்விலக்கு எளிது என்று தோன்றும். மறைந்திருக்கும் கோதுமைதான் இடர். உப்புமா செய்யும் ரவை கோதுமையே. சேமியாவும் பெரும்பாலும் அதுவே. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். சோற்றுக்குச் சாம்பார்தானே என்று ஊற்றினால் அதன் வழியே கோதுமை உள்ளே நுழைந்துவிடும். பாலில் கலக்கும் ஊட்டப்பொடிகள் பல பார்லியை முளைகட்டிச் செய்தவை. 'ராகி மால்ட்' கேழ்வரகை மட்டும் கொண்டதாயின் தீங்கில்லை. 'மால்ட்' என்னும் சொல் ஒன்றே, தானியம் வேறு. இறுதியாக மாவு அரைக்கும் இயந்திரம். கோதுமை அரைத்த சூட்டோடு அதே இயந்திரத்தில் கேழ்வரகை இட்டால் இரண்டும் கலந்தே வரும். நோயாளியின் கேழ்வரகை இயந்திரத்தை நன்கு துடைத்தபின் அரைக்கச் சொல்லலாம். வீட்டில் தனியாக அரைப்பது அதனினும் நன்று.

மாம்பால்

மாம்பழக் காலத்தில் இவ்வூர்ப் பிள்ளைகள் சிலரின் வாயோரத்தில் கொப்புளங்கள் தோன்றும். 'சூடு' என்று வீட்டார் சொல்வர். அது சூடன்று. காம்பில் வடியும் மாம்பாலும் பழத்தோலும் தோலில் பட்டதனால் வந்த ஒவ்வாமை. மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. துணியில் அடையாளமிடச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாறு தோலைப் புண்ணாக்குவதும் இவ்வகையான பொருளாலேயே. இத்தகையோருள் பெரும்பாலோர் பழத்தையே துறக்க வேண்டியதில்லை. காம்பை நறுக்கிப் பாலை வடியவிட்டு, கழுவி, தோலைச் சீவி, பிறர் துண்டாக்கித் தந்ததை உண்டால் போதும். வாயினுள் அரிப்போ வீக்கமோ வந்தால் மட்டும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

பெயர் அறிதல்

பொதியிட்ட உணவாயின் அறிவது எளிது. 2020ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலையும் பிற கொட்டைகளும், சோயா, குறித்த அளவுக்கு மேற்பட்ட சல்பைட்டு ஆகியவை கலந்திருந்தால் அதனை உறையில் அச்சிட வேண்டும். குளூட்டன் அற்றது என விற்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அப்புரதம் இருத்தல் கூடாது. உணவகத்து இலைக்கும் தோழியின் உணவுப் பெட்டிக்கும் உறை இல்லை. அங்கே கேட்பது ஒன்றே வழி.

கேட்பதற்குச் சொல் வேண்டும். தமிழிலேயே 'கடலை மாவு' என்பது கொண்டைக்கடலைப் பருப்பின் மாவு. 'கடலை எண்ணெய்' என்பது வேர்க்கடலையின் எண்ணெய். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும். ஆதலால் அதுவும் அச்சிறுமிக்கு விலக்கு. தெலுங்கிலும் இதே சிக்கல் உண்டு: 'செனகலு' கொண்டைக்கடலை, 'வேருசெனகலு' வேர்க்கடலை. முன்னொட்டு ஒன்றில் உயிர் தொங்குகிறது. தயிர் 'பெருகு', மோர் 'மஜ்ஜிக', முட்டை 'குட்டு', எள் 'நுவ்வுலு', முந்திரி 'ஜீடிபப்பு', இறால் 'ரொய்யலு'. ஆந்திர அரசுப் பள்ளிகளில் 2020 முதல் மதிய உணவோடு முட்டையும் கடலைமிட்டாயும் வழங்கப்பட்டன. பலர்க்கு நலம் தரும் அத்தின்பண்டம் ஒருவர்க்கு ஆகாதிருக்கலாம். மத்தியப் பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டு உணவையே கொண்டு வருகின்றனர். இடைவேளையில் பெட்டிகள் கைமாறும். கைமாறும் அன்பைத் தடுக்க இயலாது. 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்டுப் பழகுவது இயலும்.

உணவகத்தில் தந்தை பரிமாறுபவரிடம் செய்தியைச் சொன்னார். அவர் இலையையே மாற்றினார். இஞ்சியில் செய்த 'அல்லம் பச்சடி'யைக் கொண்டுவந்தார். அதில் வேர்க்கடலை இல்லை என்று சமையலறையில் கேட்டு உறுதி செய்த பின்னரே, வேறு கரண்டியால் பரிமாறினார். "முன்பே சொல்லியிருக்கலாமே, பாப்பா" என்றார். அன்று மாலை அச்சிறுமி தெலுங்குத் தொடர் ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதித் தன் உணவுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினாள்: "நாகு பல்லீலு படவு." எனக்கு வேர்க்கடலை ஆகாது என்பது அதன் பொருள். வீட்டில் தாய் பொட்டுக்கடலையும் தேங்காயும் வைத்துச் சட்னி அரைத்தார். பொட்டுக்கடலை அவளுக்கு ஒவ்வும் என்று மருத்துவர் முன்பே சோதித்துச் சொல்லியிருந்தார்.

சொல்லும் பொருளும்

ஒவ்வாமை – உடல் ஒரு பொருளைப் பகையாகக் கொள்ளுதல்
ஏலாமை – செரிக்க இயலாமை
நொதி – உணவைச் சிதைத்துச் செரிக்கச் செய்யும் பொருள்
சுண்ணச்சத்து – எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் சத்து
நெடுங்கணக்கு – எழுத்துகளின் வரிசை

பயிற்சி

1. 'எனக்குப் பால் ஆகாது' என்று கூறும் இருவர்க்கு ஒரே மாற்று உணவு பொருந்தாதது ஏன்?
2. பஞ்சகாலத்தில் நோயுற்ற குழந்தைகள் தேறியதிலிருந்து மருத்துவர் டிக்கே எதனை உறுதிப்படுத்தினார்?
3. கடலை மாவு, கடலை எண்ணெய், பொட்டுக்கடலை ஆகியவற்றுள் வேர்க்கடலை ஒவ்வாதவர் விலக்க வேண்டியது எது? காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: மோர்ச்சோறு, அவ்வெதிர்ப்பொருள், கேழ்வரகுக்களி.
5. உங்கள் வீட்டில் வழங்கும் ஐந்து உணவுப் பெயர்களை எழுதி, நீங்கள் இப்போது வாழும் ஊரில் அவற்றை எப்படி அழைக்கின்றனர் என்பதை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு எதிரே எழுதுக.